கழுத்துக்குக் கீழே

ஜூலை மாதம் தென்கொரியாவின் தேகு நகரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். அப்படி ஒரு நாளில்தான் இன்யோங் தன் அக்கா மால்சுனுக்குப் போன் செய்து, டிவிக்காரர்கள் ஒரு பள்ளிச் சமையல்கூடத்தைப் படம் பிடிக்க இடம் கேட்கிறார்கள், உன் பள்ளியில் விடுவார்களா என்று விசாரித்தாள். என்ன நிகழ்ச்சி என்றாள் அக்கா. சாப்பாட்டையும் உடம்பையும் பற்றியது என்றாள் இன்யோங். சொன்னதில் பொய் இல்லை. மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

இன்யோங் பல்கலைக்கழகப் பேராசிரியை. யாருக்கு உடம்பு பெருக்கிறது, எந்தக் காலத்தில் பெருக்கிறது என்று கணக்கெடுப்பது அவள் துறை. அவள் ஆராய்ச்சிக்கு வந்த புதிதில், எண்பதுகளின் கடைசியில், தொந்தி என்றாலே முதலாளிதான். படித்தவர்கள், வசதியானவர்கள் சதை போட்டிருந்தார்கள். வயலிலும் ஆலையிலும் உழைத்தவர்கள் காய்ந்து கிடந்தார்கள். பிறகு நாடு மாறியது. பெண்களிடம் அந்தக் கணக்கு தலைகீழாகக் கவிழ்ந்தது. கல்லூரி முடித்த பெண்கள் வருடத்துக்கு வருடம் மெலிந்தார்கள். ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்கள் பருத்துக்கொண்டே போனார்கள். ஆண்கள் மட்டும் பழையபடியே இருந்தார்கள். பட்டம் வாங்கி ஆபீஸில் உட்கார்ந்தவர்களின் தொந்தி கரையவில்லை. ஆனால் நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு ஆண்களின் கதை தேவைப்படவில்லை. படிக்காத பெண்களைப் பற்றிப் பேசும்போது திரையில் காட்ட ஏதாவது வேண்டும் என்றார். இன்யோங்குக்கு உடனே நினைவுக்கு வந்தது அக்காவின் சமையல்கூடம். முகம் காட்ட மாட்டோம், கழுத்துக்குக் கீழேதான் என்று அவர் உறுதி சொன்னதும் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மால்சுன் அவளைவிட ஆறு வயது மூத்தவள். ஆரம்பப் பள்ளி முடிந்த கையோடு விக் செய்யும் ஆலைக்குப் போனாள். விடுதியில் தங்கி, ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்டு, முடியை ஊசியில் கோத்தாள். அன்றைக்கு அக்காதான் ஒல்லி. அவள் அனுப்பிய சம்பளத்தில் பள்ளிக்கூடம் போன இன்யோங்தான் கன்னம் உப்பிய குண்டுப் பிள்ளை. ஊர்ப் பெண்கள் அவள் கன்னத்தைக் கிள்ளி, பெரிய வீட்டுக்கு மருமகளாகப் போவாள் என்பார்கள். ஆலை மூடியபின் அக்கா தையல் கடை, உணவகம் என்று மாறி மாறி, கடைசியில் ஓர் ஆரம்பப் பள்ளியின் சமையல்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே கூட வேலை செய்தவர்களிடம் தான் மேல்நிலைப் பள்ளி முடித்ததாகச் சொல்லி வைத்திருந்தாள். இது இன்யோங்குக்குத் தெரியும். அவர்கள் முன்னால் ஒருமுறை அவளே ஆமாம் போட்டிருக்கிறாள்.

படப்பிடிப்புக்கு முதல் நாள் மால்சுன் முடியைச் சுருட்டிக்கொண்டு வந்தாளாம். மற்றப் பெண்களும் அண்டாக்களைப் பளபளவென்று தேய்த்து, புது ஏப்ரன் கட்டி நின்றார்கள். பிள்ளைகளுக்கு நாம் போடும் சாப்பாட்டை நாடே பார்க்கப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கேமராக்காரர் முழங்காலில் உட்கார்ந்து கீழிருந்தே எடுத்தபோது, ரப்பர் பூட்ஸை எதற்கு இவ்வளவு ஆசையாக எடுக்கிறார் என்று சிரித்துக்கொண்டார்கள்.

ஒளிபரப்பான அன்று சாயங்காலம் அத்தனை பேரும் மால்சுன் வீட்டில் கூடினார்கள். அவள் தர்பூசணி வெட்டி, பொரித்த கோழி வரவழைத்து வைத்திருந்தாள். நகரத்தின் மறுகோடியில் இன்யோங்கும் கணவரோடு உட்கார்ந்து பார்த்தாள். தன் குரல் திரையில் கேட்டது. பள்ளிப் படிப்புக் குறைந்த பெண்களிடையே உடல் பருமன் எத்தனை மடங்கு என்று அந்தக் குரல் நிதானமாக விளக்கியது. திரையிலோ தலையில்லாத உடம்புகள் நகர்ந்தன. ஏப்ரன் கயிறு இறுகிய இடுப்புகள், சோற்றுத் துடுப்பைத் தள்ளும் தடித்த கைகள். அவற்றில் ஒன்று இடது முழங்காலை இழுத்து இழுத்து நடந்தது. அந்த நடை யாருடையது என்று இன்யோங்குக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“நல்லாப் பேசியிருக்கே,” என்றார் கணவர்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அக்கா போனை எடுக்கவில்லை. மூன்றாவது நாள் இன்யோங் தொக்சிமைக் கூப்பிட்டாள். அக்காவோடு வேலை செய்பவள், வாய்த்துடுக்குக்காரி. அன்று நடந்ததை அவள் ஒளிக்காமல் சொன்னாள். முதலில் யாருக்கும் புரியவில்லையாம். இது என் இடுப்பு, அது உன் கை என்று கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். பேராசிரியை என்ன சொல்கிறாள் என்பது மெல்லத்தான் உறைத்தது. அந்த நேரத்தில் தொக்சிம்தான் வாயை விட்டிருக்கிறாள்.

“நான் வெளையாட்டுக்குத்தாங்க சொன்னேன். ‘அக்கா, நீங்க ஹைஸ்கூல் முடிச்சவங்களாச்சே, ஒங்க தங்கச்சி இந்த வயித்தைப் பார்த்து அஞ்சாங்கிளாஸ்னு சொல்றாங்களே’ன்னு கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சாங்க. எனக்கு இன்னொரு துண்டு தர்பூசணி எடுத்துக் கொடுத்தாங்க.”

ஞாயிற்றுக்கிழமை இன்யோங் அக்கா வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டே போனாள். எடிட்டிங்கில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்பது அந்தப் பதில். மால்சுன் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, இளம் முள்ளங்கிக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே உட்காரச் சொன்னாள். இன்யோங்கும் எதிரே உட்கார்ந்து ஒரு கீரைக்கட்டை எடுத்து அழுகல் இலையைக் கிள்ளத் தொடங்கினாள். 

“எதுக்காக எங்களை எடுக்கறாங்கன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டாள் மால்சுன்.

தயார் செய்து வைத்திருந்த பதில் தொண்டைவரை வந்தது.

“தெரியும்,” என்றாள் இன்யோங்.

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா நீ வேண்டாம்னுடுவேன்னு பயந்தேன்க்கா.”

மால்சுன் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள். முதல்முறையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

“நீ கேட்டு நான் எப்படி வேண்டாம்னு சொல்லுவேன்? சொல்லிட்டுக் கேட்டிருந்தாலும் சரின்னுதாண்டி சொல்லியிருப்பேன். ஒன் வேலைக்கு ஒதவும்னா முகத்தையும் காட்டுன்னிருப்பேன்.”

இன்யோங் அழுதாள். மால்சுன் அவளைத் தேற்றவில்லை, திட்டவுமில்லை. நீ சொன்ன கணக்கு பொய்யா என்று மட்டும் கேட்டாள். பொய்யில்லை என்றாள் இன்யோங். அப்படியானால் அதற்கு ஏன் அழுகிறாய் என்று சொல்லிவிட்டு, மால்சுன் கீரையை அலச எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுவதற்கு அவள் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இன்யோங் டிவி நிலையத்துக்கு நடையாய் நடந்து, இணையத்திலிருந்து அந்தப் பகுதியை நீக்க வைத்தாள். பிறகு பள்ளியின் அனுமதி பெற்று, சமையல்கூடத்துப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். மதியம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகுதான் அவர்களுக்குச் சாப்பாடு. எண்ணெய்ப் புகை இன்னும் கலையவில்லை. ஆளுக்கொரு கிண்ணத்தில் மிச்சச் சோற்றையும் காயையும் மிளகாய் விழுதோடு பிசைந்து, நின்றபடியே அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் கழுவுவதற்கு மலைபோல் குவிந்து கிடந்தன. இத்தனை வருட ஆராய்ச்சியில் அவள் ஒரு சமையல்கூடத்துக்குள் கால் வைத்தது அன்றுதான்.

அவள் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அவர்களும் பதறி, அவளைவிடத் தாழக் குனிந்தார்கள். ஒருத்தி பாக்கெட் காபியைக் கலக்கி அவள் கையில் கொடுத்தாள். தித்திப்பு நாக்கில் ஒட்டியது. பேராசிரியையம்மா வந்தது எங்களுக்குப் பெருமை என்றார்கள். யாராவது ஒருத்தி கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தொக்சிம்தான் பக்கத்தில் வந்து நின்றாள். “நெசமாவே கேக்கறேங்க. நாங்க என்ன பண்ணா மெலியலாம்?”

உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள், வேலை முடிந்ததும் நடங்கள் என்றுதான் அவள் எல்லா மேடையிலும் சொல்லி வந்தாள். நாள் முழுக்க நின்றுவிட்டு, இப்போதும் நின்றுகொண்டே சாப்பிடுகிறவளிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தெரியவில்லை என்றாள். தொக்சிம் அதை நம்பவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் அடக்கமாகப் பேசுவார்கள் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினாள்.

அக்கா எங்கே என்று இன்யோங் கேட்டபோது, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மால்சுன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டிருந்தாள். வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணம். அங்கே யாரிடமும் எந்தப் படிப்பும் படித்ததாகச் சொல்லவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு அக்கா தங்கை வீட்டுக்கு வந்தாள். அவள் வராமலிருந்துவிடுவாளோ என்று பயந்திருந்த இன்யோங், விடிந்ததிலிருந்து அடுப்படியிலேயே நின்று, மாட்டு விலா எலும்பு வேகவைத்து, மீன் துண்டங்களை முட்டையில் தோய்த்துப் பொரித்து, அக்காவுக்குப் பிடித்த ஒவ்வொன்றையும் செய்திருந்தாள். மால்சுன் தங்கையின் கணவரிடம் நலம் விசாரித்தாள், முழங்கால் ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் பார்ப்பதாகச் சொன்னாள், சிரித்தாள். எல்லாம் எப்போதும்போல இருந்தது.

மேஜையில் உட்கார்ந்ததும்தான் இன்யோங் கவனித்தாள். அக்கா கீரையை மட்டும் எடுத்தாள். மீனில் ஒன்றை எடுத்துக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்து, அதைத் தொடவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் முன்னால், தங்கை எங்கே பார்க்கிறாள் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இன்யோங் பார்வையைத் திருப்பிக்கொண்டால் கொஞ்சம் வேகமாக மென்றாள்.

இன்யோங் விலா எலும்பில் பெரிய துண்டாக எடுத்து அவள் பக்கம் நீட்டினாள். மால்சுன் இரண்டு கைகளாலும் கிண்ணத்தை மூடிக்கொண்டாள்.

“போதும்டி. நான் சாப்பிட்டுட்டேன்.”

“ஒண்ணுமே சாப்பிடலையேக்கா.”

“போதும்,” என்றாள் மால்சுன், மரியாதையாக, வேற்று மனிதர் வீட்டு விருந்தில் சொல்வதுபோல.

நீட்டிய துண்டை இன்யோங் தன் கிண்ணத்திலேயே போட்டுக்கொண்டாள். அதை அவளாலும் சாப்பிட முடியவில்லை.