இரண்டு ஆள் வேலை

“அந்த முனையப் புடி,” என்றாள் நாத்தனார். மருமகள் பிடித்தாள். இருவருமாக விரிப்பை உதறி, கட்டிலில் கிடந்த அத்தையின் மேல் இறக்கினார்கள். ஒற்றை அறை வீடு. அத்தைக்கு அங்கே கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது இன்றைக்குத்தான். மற்றவர்கள் தெருவில் நின்றார்கள்.

அத்தைக்குச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. எதிரெதிரே நின்று, முனையோடு முனை சேர நடந்து வர வேண்டும். நேற்று அப்படி நடந்து வந்தவள்தான், பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழவே இல்லை.

குழந்தை பிறந்ததிலிருந்து மருமகள் சுவரைப் பார்த்தே கிடந்தாள். அக்கம்பக்கம் திமிர் என்றது. டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அதனால், தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள். வீட்டில் இருந்த ஒரே விரிப்பைத் தினமும் கலைத்துப் போடுவாள்.

“எந்திரி. தனியா மடிச்சா எனக்குக் கோணிக்கும்.”

மடித்ததும் மறுபடி கலைப்பாள். சலவைக்கூட முதலாளி பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். மூக்கோடு மூக்கு முட்டும் தூரத்துக்கு வந்ததும், “குளிக்கலயா? தெருமுனை வரைக்கும் மணக்குது,” என்பாள். மருமகளுக்கு அந்த நேரத்தில் மட்டும் மூச்சு முழுசாக வந்தது.

நாத்தனார் குழந்தையின் துணிகளைப் பையில் திணிக்கத் தொடங்கினாள்.

“கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும். அம்மா இருந்தவரைக்கும் சரி. நீ பிள்ளையத் தூக்கக்கூட மாட்டேங்கறே.”

வாசலில் நின்ற கணவன், “அக்கா சொல்றது...” என்று ஆரம்பித்துத் தரையைப் பார்த்தான். நாளைக்கு அவன் மூட்டை தூக்கப் போயாக வேண்டும்.

மருமகள் பையின் காதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “அண்ணி,” என்றாள். “அவளத் தூக்கினா எனக்கு ஒண்ணுமே தோணல. கல்லு மாதிரி இருக்கேன்.”

நாத்தனாரின் கை நின்றது. “அம்மாவுக்குத் தெரியுமா?”

“அத்தை கேக்கவே இல்ல. ஆனா தெரியும்.”

குழந்தை சிணுங்கியது. யாரும் நகரவில்லை.

“கொண்டு போகாதீங்க அண்ணி. எனக்குத் தோணுற அன்னிக்கு அவ இங்க இருக்கணும்.”

வெளியே அமரர் ஊர்தி வந்து ஹாரன் அடித்தது. “இருங்கப்பா, வர்றோம்!” என்று கத்திவிட்டு நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பைக்குள் கைவிட்டு ஒரு குட்டிச் சட்டையை எடுத்தாள். காய்ந்த சட்டைதான். இருந்தாலும் அதை உதறி, அறைக் கொடியில் போட்டாள்.