பதினான்காம் தலம்

ஆன்சலா வரைந்த பதிமூன்று படங்களையும் மீன்பிடி வள்ளங்களின் முதலாளியான சம்மாட்டி அல்பேர்ட் வாய் நிறையப் புகழ்ந்தார். பதினான்காவதைப் பார்த்ததும் அவருடைய முகம் இருண்டது.

முள்ளிவாய்க்கால் பக்கத்துக் கடற்கரைக் கோயில் அது. அதன் சுவர்களில், இயேசுவின் கடைசிப் பயணத்தைப் பதினான்கு தலங்களாகக் காட்டும் சிலுவைப்பாதையை வரையும் வேலையை அவளுக்குக் கொடுத்ததே கோயில் சபைத் தலைவரான அவர்தான். கடைசித் தலத்தில் இயேசுவைக் கல்லறையில் வைக்க வேண்டும். எல்லாக் கோயிலிலும் அப்படித்தான். ஆன்சலாவின் படத்திலோ கல்லறையும் இல்லை, உடலும் இல்லை. இயேசுவுக்குச் சாவுத் தீர்ப்பிட்ட பிலாத்துவின் அரண்மனை வாசல் இருந்தது. அங்கே சேலை கட்டிய பெண்கள் ஆளுக்கொரு புகைப்படத்தை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார்கள்.

"என்ன பிள்ளை இது? ஆண்டவரை அடக்கம் செய்யாமல் விட்டிட்டாய்."

"அடக்கம் செய்ய உடம்பு வேணும், மாமா. அரிமத்தியா ஊர் யோசேப்பு போய்க் கேட்டவர், பிலாத்து குடுத்தவன். சாகக் குடுத்தவனே உடம்பைக் கேட்ட உடனை குடுத்திட்டான். எங்கடை தாய்மார் காணாமல் போன பிள்ளையளை எத்தினை வருஷமாக் கேக்கினம்?"

"அது அரசியல்."

"அது சுவிசேஷம். நான் ஒண்டும் கூட்டிச் சொல்லேல்லை."

அல்பேர்ட்டுக்குக் கோபம் வந்தது. ஈஸ்டருக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள், வீண் வில்லங்கம் வேண்டாம், அதற்குள் அழித்துவிட்டுக் கல்லறையை வரை, இல்லாவிட்டால் நானே சுண்ணாம்பு அடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பங்குத்தந்தையைக் கேட்டால், செபிப்போம் என்றார். செபிப்பதில் ஆன்சலா யாருக்கும் குறைந்தவள் இல்லை. நெற்றியில் சிலுவை போடாமல் அவள் தூரிகையைத் தொட்டதே கிடையாது. மண்டியிட்டுக் கேட்டாள். அழி என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவளும் அழிக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் கோயில் சிலைகளான சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி வைப்பது வழக்கம். சிலுவைப்பாதைப் படங்களை மட்டும் மூடுவதில்லை. அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தானே செபிக்க வேண்டும். பெரிய வெள்ளியன்று சனம் கோயிலுக்குள் வந்தபோது, மற்றத் தலங்களெல்லாம் திறந்திருக்க, பதினான்காவது மட்டும் ஊதாத் துணிக்குள் இருந்தது. வழக்கத்தைச் சாட்டி வழக்கத்தையே ஏமாற்றப் பார்த்த அல்பேர்ட்டின் கெட்டித்தனம் அது.

ஆன்சலா அதைக் கண்டாள். ஆனாலும் ஒவ்வொரு தலத்திலும் மற்றவர்களோடு சேர்ந்து முழங்காலிட்டாள், பாடினாள். கடைசித் தலம் வந்ததும் எழுந்து போய்த் துணியைப் பிடித்து இழுத்தாள். அது தரையில் விழுந்தது.

அல்பேர்ட் விறுவிறென்று வந்து துணியை எடுக்கக் குனிந்தார். அவர் ஒரு முனையைப் பிடித்து இழுப்பதற்குள் ஆன்சலா அதன்மேல் முழங்காலிட்டுவிட்டாள்.

"எழும்பு."

"பதினாலாம் தலம் இன்னும் முடியேல்லை, மாமா."

"எழும்பு எண்டு சொன்னனான்."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கைகளைக் கோர்த்துப் பிடித்துக்கொண்டாள். எழும்பவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அல்பேர்ட்டின் மனைவி புனிதமலர் எழுந்து வந்தார். போர் முடிந்த அன்று மகன் றஜித்தைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர் அவர். போனவன் வரவில்லை. வீட்டில் அவன் பெயரை எடுக்கக்கூடாது என்பது அல்பேர்ட்டின் கட்டளை. புனிதமலர் ஆன்சலாவுக்குப் பக்கத்தில், அந்தத் துணியின் மேலேயே முழங்காலிட்டார். புருஷனை நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் அந்த வாசலிலதான் நிக்கிறன். நீங்கள் வாசலுக்கு எந்தப் பக்கம் நிக்கிறியள்?"

பின்னாலிருந்து வேறு பெண்களும் வந்தார்கள். துணியில் இடம் போதாமல் வெறுந்தரையில் மண்டியிட்டார்கள். ஆன்சலா படத்தைப் பார்த்தபடி உரத்த குரலில் செபத்தைத் தொடங்கினாள்.

றஜித்தின் தகப்பன் கையிலிருந்த முனையை விட்டார்.