சிலிக்காரி விற்காத வாஷிங் மெஷின்

எங்கள் எதிர்வீட்டுக்கு ஹிமேனா குடிவந்தபோது சீனாவின் செங்டுவில் மழை ஓய்ந்து, வெயில் எட்டியே பார்க்காத மூடாக்குக் காலம் தொடங்கியிருந்தது. சிலி நாட்டுக்காரி. வயது முப்பதைத் தொட்டிருக்கும். வாசல் நிலையில் தலை இடித்துவிடும் என்று குனிவாள். இடிக்காது, ஆனாலும் குனிவாள். வீட்டுத் தரகன் அவளுக்கு மேய் என்று ஒரு பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தான். எங்களுக்கும் அதுவே வாயில் நின்றது.

வெளிநாட்டுக்காரி வந்திருக்கிறாள் என்றதும் கட்டடம் முழுக்க அவளுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் மாடி ஹௌ அக்காதான் முதல் ஆள்.

"பெட்டியை அப்புறம் பிரிக்கலாம். முதல்ல போலீஸ் ஸ்டேஷன் போய்க் குடிவந்ததைப் பதிஞ்சுட்டு வா. குய்ரூ, நீ கூடப் போயேன், மருந்துக்கடைக்கு மத்தியானம்தானே போகணும்?"

குய்ரூ நான்தான். போனேன். திரும்பி வரும் வழியில் அவள் போனில் பணம் கட்டுகிற வசதியைச் சரிசெய்து கொடுத்தேன். காய்கறிக்காரி நோட்டைக் கண்டால் ஏதோ பழைய சாமானைப் பார்க்கிறமாதிரி பார்ப்பாள் என்று எச்சரித்தேன். ஹௌ அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். பச்சைத்தண்ணீர் குடிக்காதே, கேஸ் கார்டில் பணம் தீருமுன் போடு, யாராவது 'சாப்பிட்டாயா' என்று கேட்டால் அது சும்மா கேட்கிறது, பட்டியல் சொல்லாதே என்று வரிசையாக அடுக்கினாள்.

மேய் போனை நீட்டினாள். அதில் மொழிபெயர்க்கிற குரல் ஒன்று இருந்தது. அது கணீரென்று சொன்னது: "மிக்க நன்றி, வணக்கத்திற்குரிய மூதாட்டியே."

ஹௌ அக்கா தலைக்குச் சாயம் போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முகம் தொங்கிப்போய் மாடி ஏறினாள். அதன்பிறகு கொஞ்ச நாள் மேயைக் கண்டால் மின்தூக்கிப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நான்காம் மாடி தெங் அண்ணனுக்கு வேறு வருத்தம். அவர் வீடு மேயின் வீட்டுக்கு நேர் கீழே. ஒருநாள் நான் வேலைபார்க்கும் மருந்துக்கடைக்கே வந்து நின்றார்.

"உங்க எதிர்வீட்டு ஒட்டகச்சிவிங்கி விடியக்காலம் என்னதான் பண்ணுது? தொம் தொம்முனு என் கூரைல ஊர்வலம் போகுது."

"கயிறு தாண்டுவா போல அண்ணே."

"ஒரு டீச்சருக்கு எதுக்குக் கயிறு?"

அவள் இங்கிலீஷ் டீச்சர் என்பதுதான் எங்கள் எண்ணம். வெளிநாட்டுக்காரி வேறு எதற்கு வருவாள்? ஹௌ அக்கா தன் பேரனுக்குப் பாடம் சொல்லித்தருவாயா என்று ஒருமுறை கேட்டபோதுகூட அவள் சரி சரி என்றுதான் தலையாட்டினாள். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் கயிறு விஷயத்தை அவளிடம் பேசினேன். கீழ்வீட்டுக்காரர் தூங்க வேண்டும் என்று அவள் போனில் சொன்னேன். அது என்னவாக மாற்றிச் சொன்னதோ, மேய் முகம் மலர்ந்து, "நல்லது, தூங்கட்டும்" என்றாள். மறுநாளும் தொம் தொம்.

குளிர் இறங்கியபிறகு ஒரு சனிக்கிழமை காலை, போனில் எங்கள் கட்டடத்துக் குழுவுக்கு மேயின் குரல் வந்தது. மொழிபெயர்க்கிற குரலின் உதவியில்லாமல், அவளே பழகிப் பேசியிருந்தாள். "எல்லாருக்கும் வணக்கம். நான் ஐந்தாம் மாடி மேய். வாஷிங் மெஷின் விற்கிறேன். இன்று வீட்டில் இருப்பேன்."

அப்படித்தான் எங்களுக்குக் கேட்டது.

ஐந்து நிமிடத்தில் ஹௌ அக்கா எங்கள் வீட்டில் நின்றாள். மூதாட்டி கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"என்னடி இது, ஊரைவிட்டுப் போறாளா? வந்து ரெண்டு மாசம் ஆகல. நம்மதான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டோமோ?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

"சரி, போய்க் கேப்போம். அப்படியே மெஷினையும் பாத்துரலாம். என்னோடது தண்ணி பிழியறப்போ சமையக்கட்டு வரைக்கும் நடந்து வருது."

என் வீட்டுக்காரர் சீருடை மாட்டிக்கொண்டிருந்தார், அவர் பஸ் ஓட்டுகிறவர். வேலைக்கு இன்னும் நேரமிருந்ததால் அவரும் கூட வந்தார். வெளியே வந்தால் படியில் தெங் அண்ணன். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"போறாளாமே. நல்ல மெஷினா இருந்தா எடுத்துக்கலாம்னு வந்தேன்" என்றார் தெங் அண்ணன். குரலில் துக்கம் ஏதும் தெரியவில்லை.

கதவைத் திறந்த மேய் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தாள். இவ்வளவு பேரைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"மெஷின் எங்கம்மா?" என்றாள் ஹௌ அக்கா.

"ஆமா, மெஷின்" என்ற மேய், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மெஷின் எங்கே?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"நானும்" என்றாள் மேய் சந்தோஷமாக. "பெரிசா? சின்னதா?"

"பாக்காம எப்படிச் சொல்றது?"

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று அவள் எங்களைத் தாண்டி மின்தூக்கி வரைக்கும் போய் உள்ளே பார்த்துவிட்டு வந்தாள். அதில் ஒன்றும் இல்லை. தெங் அண்ணன் என் காதருகே, "இவளுக்கு உடம்பு சரிதானா?" என்றார்.

ஹௌ அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாள். நாங்களும் பின்னாலேயே போனோம். குளியலறையில் ஒரு பெரிய தொட்டி நிறையச் சோப்புநுரை, அதில் படுக்கை விரிப்புகள். இவ்வளவு நேரமும் அவள் அதில் ஏறி நின்று மிதித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மெஷின் ஒன்று மூலையில் இருந்தது, உயிர் போனது. கூடத்தில் சுவருக்குச் சுவர் கயிறு கட்டி ஈரத்துணி தொங்கியது. எங்கள் ஊர்க் குளிரில் அது அடுத்த வாரமும் காயாது.

"இந்தச் செத்த மெஷினையா விக்கறா?" என்றாள் ஹௌ அக்கா.

என் வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்து மேயின் குரலை மறுபடி கேட்டார். இன்னொரு தரமும் கேட்டார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அவ சரியாத்தான் சொல்லியிருக்கா. டிவில செய்தி வாசிக்கிறவங்களை மாதிரி சுத்தமாச் சொல்லியிருக்கா. நம்ம காதுதான் செங்டுக் காது."

வாங்குவதற்கும் எங்களுக்கு 'மாய்'தான், விற்பதற்கும் 'மாய்'தான். குரலை எப்படி இறக்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம். பீஜிங் பேச்சில் வளைத்து இறக்கினால் வாங்குவது, வெட்டி இறக்கினால் விற்பது. எங்கள் ஊர்ப் பேச்சில் ஏறக்குறைய தலைகீழ். அவள் பள்ளியில் படித்த சுத்தமான பாஷையில் 'வாங்குகிறேன்' என்றிருக்கிறாள். கட்டடமே 'விற்கிறேன்' என்று கேட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறது.

அவர் கையைக் காலை ஆட்டி அவளுக்கு விளங்க வைத்தார். மேய் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாளோ என்று நான் குனிந்தேன். தோள் குலுங்கியது. சிரிப்புதான்.

"நான் போகல" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "எங்கேயும் போகல. துணி காயல."

"வீட்டு ஓனர்கிட்ட சொல்லலியா?" என்று கேட்டாள் ஹௌ அக்கா.

"அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்றார். நான் சரி சரின்னேன்."

"அங்கதான் தப்பு. இந்த ஊர்ல சரின்னா விஷயம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். நாளைக்கு நான் பேசறேன் அவன்கிட்ட" என்றாள் ஹௌ அக்கா. பிறகு ஒரு கணம் தயங்கி, "என்னை மூதாட்டின்னு மட்டும் கூப்பிடாத. அக்கான்னு சொல்லு" என்றாள்.

தெங் அண்ணனைக் காணவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் வலைப்பையில் கிடந்த வாலிபால்களுக்கு எதிரே நின்றிருந்தார். மேலே சுவரில் ஒரு படம். சிவப்புச் சட்டை போட்ட மேய், வலைக்கு மேல் இடுப்பு வரைக்கும் எழும்பி நிற்கிறாள்.

"இது நீயா?"

"நான்தான். இப்போ கோச். பசங்களுக்குச் சொல்லித்தரேன், ஸ்டேடியம் பக்கத்துல."

"டீச்சர் இல்லையா?"

"இங்கிலீஷா? எனக்கே கொஞ்சம்தான் தெரியும்."

ஹௌ அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். தெங் அண்ணன் எங்கள் காற்றுப்பந்து அணித் தலைவர். அதுவும் வாலிபால்தான், வயசானவர்களுக்கென்று பந்து மட்டும் பெரிசு, லேசு. ஒவ்வொரு வசந்தத்திலும் எதிர்க்குடியிருப்பு அணி எங்களை உரித்துத் தொங்கவிடும். தோற்றுவிட்டு வந்து, காற்று சரியில்லை என்பார் தெங் அண்ணன். ஆடுகிற இடம் மூடின மண்டபம்.

ஹௌ அக்கா அதற்குள் ஏற்பாட்டில் இறங்கிவிட்டாள். தான் புதுமெஷின் வாங்கப் போவதாகவும், வீட்டு ஓனர் வழிக்கு வரும்வரை தன் பழையதை மேய் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

"அந்த நடக்கற மெஷினா?" தெங் அண்ணன் சட்டென்று திரும்பினார். "என் தலைக்கு மேலயா?"

"உங்க தலைதான் ஏற்கெனவே பழகிருச்சே அண்ணே" என்றாள் ஹௌ அக்கா.

அவர் மேயின் போனை வாங்கி, அதன் அருகே வாயை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். ஸ்பானிஷில் அது என்ன சொன்னதோ, மேய் உதட்டைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அது சொன்னதைப் பிறகு ஒருநாள் எனக்கு விளக்கினாள்: 'என் தலைமேல் குதிப்பதை நிறுத்து. கீழே வந்து எங்கள் பந்தைக் காப்பாற்று.'

"சரி" என்றாள். உடனே ஹௌ அக்காவைப் பார்த்து, "இது உண்மையான சரி" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஹௌ அக்காவின் மெஷின் அன்று மதியமே மேலே ஏறியது. தெங் அண்ணன் எங்கிருந்தோ தடித்த ரப்பர் விரிப்பு கொண்டுவந்து தானே அதன் காலடியில் திணித்தார்.

மேய் தாண்டுகிற கயிறும் முற்றத்துக்கு இறங்கியது, எங்கள் கையில். முதல் சில வாரம் மேய் எங்களைப் பந்தைத் தொடவே விடவில்லை. குனி, நகரு, நில். மறுபடி குனி. முட்டிவலி என்று தெங் அண்ணன் புலம்பினால் அவளுக்கு அந்தச் சொல் மட்டும் புரியாது. ஆட்டத்தில் அவருக்கு ஒரே ஒரு வியாதி. எந்தப் பந்து எங்கே போனாலும் பாய்ந்து தொட்டுவிடுவார், வெளியே விழப்போகிற பந்தைக்கூட. "விடுங்க அண்ணே, விடுங்க" என்று அவள் கத்திக்கொண்டே இருப்பாள். அதை எங்கள் ஊர் இழுவையிலேயே கத்தக் கற்றுக்கொண்டாள். அவளுடைய ஸ்டேடியத்துப் பிள்ளைகளின் பெற்றோர் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம்.

வசந்தத்தில் ஆட்டம் வந்தது. எதிர்க்குடியிருப்பு அணி முதல் சுற்றைச் சுலபமாக எடுத்தது. இரண்டாவதை நாங்கள் எடுத்தோம், எப்படியென்று எங்களுக்கே தெரியவில்லை. மூன்றாவதில் கடைசிப் பந்து. அந்தப் பக்கத்து ஆள் ஓங்கி அடித்தது தெங் அண்ணன் தோளுக்கு மேல் பறந்தது. அவர் கை தானாக எழும்பியது. "விடுங்க" என்று ஓரத்திலிருந்து மேய் குரல் கொடுத்தாள். அந்தக் கை பாதியில் நின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.

புள்ளி எங்களுக்கு, ஆட்டமும் எங்களுக்கு. ஹௌ அக்கா ஓடிவந்து மேயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், அதற்கு மேல் அவளுக்கு எட்டாது. அடுத்த ஆட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அணி எங்களைத் துவைத்து எடுத்தது. அன்று அதற்கு யாரும் வருத்தப்படவில்லை.

சாயங்காலம் எல்லோரும், கொதிக்கிற குழம்பில் போட்டு எடுத்துத் தின்கிற ஹாட்பாட் சாப்பிடப் போனோம். பானை நடுவில் தடுப்பு, ஒரு பக்கம் காரச் சிவப்பு, ஒரு பக்கம் காரமில்லாத வெள்ளை. மேய் வெள்ளைப் பக்கத்தில் முட்டைக்கோஸ் போட்டுக்கொண்டிருந்தாள். தெங் அண்ணன் சிவப்புப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு மாட்டுக்குடலை எடுத்து, காரம் குறைய அவள் கிண்ணத்து எண்ணெயில் நன்றாக அலசி வைத்தார். அவள் வாயில் போட்டாள். கண்ணில் நீர் கட்டியது, உதடு மரத்துப்போய்ச் சொல் குழறியது.

"வாடகை இன்னும் ஒரு வருஷத்துக்கு எழுதிட்டேன் அண்ணே" என்றாள்.

"அப்படின்னா நாளைக்குக் காலைல சீக்கிரம் வா. ஆசிரியருங்க அடிக்கற பந்தை எடுக்கவே முடியல" என்று சொல்லி, அவர் இன்னொரு துண்டை அலசினார்.