கார்த்திகன் பூட்டிய கார்ட்

"டோர்ச்சைக் கொஞ்சம் கீழ பிடியும். என்ர முகத்தில என்ன கிடக்கு பார்க்க?" என்றான் கார்த்திகன்.

வெள்ளவத்தை பிளாட்டின் முன்னறையில், மேசைமேல் திருப்பி வைத்திருந்த டிஜிட்டல் மிக்ஸரின் முதுகில் புதுக் கார்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். பழைய கார்ட் வெளியே இருந்த ரெக்கோர்டிங் பெட்டி ஒன்றோடு சேர்ந்துதான் வேலை செய்யும். புதியதற்குப் பெட்டி வேண்டாம். இருபத்துநான்கு மைக்கையும் தனித்தனியாக, ஒரே வயரில், லப்டொப்புக்குக் கொண்டுபோய்விடும். ஒரு திருகாணி கைநழுவி எங்கோ உருண்டது. டோர்ச்சைப் பிடித்திருந்த மனைவி உஷாந்தி சிரித்துவிட்டாள்.

"சிரிக்காமல் தேத்தண்ணியைப் போடும். வேற திருகாணி ஒண்டு வாங்கிக்கொண்டு ஓடிவாறன்."

காலி வீதிக் கடைப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய உஷாந்தி அந்த மிக்ஸரைப் பார்க்கமாட்டாமல் வெள்ளைத்துணியால் மூடினாள்.

அந்த வீட்டில் அந்தத் துணிக்கு ஒரு சட்டம் இருந்தது. கார்த்திகன் எல்லாம் சரிசெய்து மூடிவிட்டால், வேலை முடியும்வரை அவன் வைத்த எதையும் யாரும் மாற்றக்கூடாது. மைக்குகளைச் செருகலாம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்த கிழமை நபீஸ் நானா வந்தார். ஒருகொடவத்தையில் ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடுகிறவர், கார்த்திகனின் பழைய கூட்டாளி.

"தங்கச்சி, மிக்ஸர என்ட ஸ்டோருக்கு அனுப்புங்க. கொட்டாஞ்சேன ரெக்கோர்டிங்க நான் ரெண்டு செனல்ல எடுத்துக் குடுக்கிறேன். இது பொம்புளைங்க தூக்கித் திரியிற சாமானா?"

"இவ்வளவு வருசமும் மற்றப் பக்கத்தைப் பிடிச்சுத் தூக்கினது ஆர், நானா?"

"வாய்க்கு ஒரு கொறைச்சலும் இல்ல."

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவை நடத்துபவர் பிறிஜெற் அக்கா. குழுவில் தாழ்ந்த சுருதியில் பாடும் அடித்தொண்டைக்காரர் செபஸ்தியன் கனடாவுக்குப் போகிறார். திருநாள் பூசையில் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக எடுத்துத் தருவதாகக் கார்த்திகன் சொல்லியிருந்தான். செபஸ்தியனின் குரலைக் கேட்டுக் கேட்டு வேறொருவர் பழகவேண்டும். இரண்டு செனலில் எடுத்தால் எல்லாக் குரலும் ஒன்றாய்க் குழம்பிவிடும், பிறகு பிரிக்கமுடியாது.

"அவர் சொன்னபடி எடுத்துக் குடுப்பன்" என்றாள் உஷாந்தி. "ஏலாட்டி மிக்ஸரை நீங்களே கொண்டுபோங்கோ."

சனிக்கிழமை பின்னேரம் கோவிலில் ஒத்திகை. லப்டொப்பில் இருபத்துநான்கு கோடும் ஒழுங்காக ஓடின. ஹெட்போனைக் காதில் வைத்தால் கடுகு வெடித்தது. பட், பட், பட். வயரை மாற்றினாள். பிறிஜெற்றின் மகளுடைய லப்டொப்பை வாங்கிப் பார்த்தாள். கார்டைக் கழற்றித் திரும்பவும் பூட்டினாள். கடுகு ஓயவில்லை.

"பிள்ளை, வெடி திருநாளுக்குத்தான். பாட்டுக்குள்ள வேணாம்" என்றார் பிறிஜெற். குழுவில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"ரெண்டு செனல்" என்றார் பார்க்க வந்திருந்த நபீஸ், வாங்குப் பலகையில் சாய்ந்தபடி.

"கொஞ்சம் பொறுங்கோ நானா."

வெடிப்பு ஒரு மைக்கில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் ஒரே கணத்தில் கேட்டது. அப்படியானால் பிழை மைக்கில் இல்லை, தாளத்தில்தான். டிஜிட்டல் கருவிகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் எல்லாம் ஒரே தாளத்தில் எண்ணவேண்டும். ஒன்று முன்னுக்குப் போனால் மற்றவை பின்னால் போகவேண்டும். பழைய கார்ட் இருந்த காலத்தில் வெளியே இருந்த பெட்டிதான் தாளம் போட்டது, மிக்ஸர் கார்ட் வழியாக அதைக் கேட்டு நடந்தது. இப்போது பெட்டி இல்லை. மிக்ஸர் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, புதுக் கார்டோ மிக்ஸரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். 'தாளம்: கார்டிலிருந்து.' கார்த்திகன் வைத்தது. விரல் அந்தரத்தில் நின்றது.

"என்னது, தொடப் பயமா?" என்றார் நபீஸ். இந்த முறை கேலியாகக் கேட்கவில்லை.

"அவர் வைச்சதை மாத்திறதில்லை, நானா. துணி மூடினால்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அன்று அவன் துணியை மூடவில்லை. மூடியது அவள். கார்டுக்குத் திருகாணியே முழுதாகப் பூட்டாமல், இப்ப வாறன் என்று எழுந்து போனவன் அவன்.

"அவர் முடிக்கேல்லை" என்றாள். "வேலை பாதியில கிடக்குது. நான்தான் முடிஞ்ச மாதிரி மூடி வைச்சனான்."

'மிக்ஸரே தாளம்' என்று மாற்றினாள். திரை ஒருமுறை எச்சரித்தது. ஓம் என்று அழுத்தினாள்.

"அக்கா, பாடச்சொல்லுங்கோ."

பாடினார்கள். முதலாவது வரி துப்புரவாக வந்தது. இரண்டாவதும் வந்தது. செபஸ்தியனின் கோட்டை மட்டும் தனியாகத் திறந்தாள். அடியிலிருந்து அவர் குரல், மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. பாட்டு முடியும்வரை ஒரு கடுகும் வெடிக்கவில்லை. எடுத்ததைத் திரும்பப் போட்டு, ஹெட்போனைக் கழற்றி நபீஸின் தலையில் மாட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நீண்டநேரம் கேட்டார்.

"சரி" என்றார் கடைசியில். "மிக்ஸர் ஒங்கட வீட்டுலயே இருக்கட்டும். என்ட ஸ்டோர்ல எடம் மிச்சம்."

ஞாயிறு திருநாள் பூசை முழுவதையும் உஷாந்தி இருபத்துநான்கு செனலில் எடுத்தாள். மத்தியானம் நபீஸின் வான் வண்டியில் மிக்ஸரை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து லிப்டில் ஏற்றினார்கள். வீடு இருக்கும் மூன்றாம் மாடியில் லிப்ட் நிற்பதில்லை. நாலாம் மாடியில் இறங்கி, படியால் கீழே வரவேண்டும். ஒரு பக்கத்தை உஷாந்தி பிடித்தாள், மற்றப் பக்கத்தை நபீஸ் பிடித்தார்.