கொர்கோரை எத்தனை முறை எண்ணுவது

1

ஒன்பது மணி நேரம் இருபது நிமிடம் மின்சாரம் இல்லை. அந்தச் சனிக்கிழமைப் பகலில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. துறைமுக ஊரான டெமாவில் எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் ஜிஃபா, ஃபிரிட்ஜில் இருந்த மீன் கெடுவதற்குள் பொரித்துவிடலாம் என்று கீழே வந்தாள். எங்களிடம் கேஸ் இருந்தது. மீனைப் பொரித்தோம். பிறகும் மின்சாரம் வரவில்லை. அவள் சொல்லத் தொடங்கினாள்.

ஜிஃபா புள்ளியியல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நாட்டில் என்ன தயாராகிறது, எவ்வளவு தயாராகிறது, எத்தனை கைகள் அதைச் செய்கின்றன என்று அளப்பது அவள் வேலை. இப்படி அளந்த எண்கள் மற்ற நாடுகளின் எண்களோடு சேர்ந்து ஒரு பட்டியலாகும். யார் பலசாலி, யார் போட்டிக்குத் தாங்குவார் என்று அந்தப் பட்டியல் சொல்லும்.

நடந்தது ஜிஃபாவுக்கு. எண்கள் என்னுடையவை. அவள் சொன்ன எண்களை நான் அன்றே குறித்துவைக்கவில்லை. பிறகு கேட்கக் கூச்சமாக இருந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"ஒரு நாட்டின் உற்பத்தி வலிமையை மூன்று விஷயங்களை வைத்து அளக்கலாம். ஒன்று, தலைக்கு எவ்வளவு தயாராகிறது. இரண்டு, அதில் எவ்வளவு கப்பலேறுகிறது. மூன்று,"

நிறுத்திவிட்டேன். இது அறிக்கை. யாரும் இதில் சாப்பிடவில்லை, பொய் சொல்லவில்லை.

இரண்டாவது:

"கடற்காற்றில் சோப்பு மணம் மிதந்துவந்த அந்தக் காலை வேளையில் ஜிஃபா"

இதையும் அடித்தேன். டெமாவில் காற்றில் வருவது கொக்கோ வறுபடும் வாசனை. காற்று திரும்பினால் துறைமுகத்து மீன். சோப்பு மணம் என்று எழுதினால் இங்கிருப்பவர்கள் சிரிப்பார்கள்.

மூன்றாவது தொடக்கம் அடுத்த பகுதியில் இருக்கிறது. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் வேலை செய்கிறது.

3

ஒரு தொழிற்பேட்டையில் மூன்று தொழிற்சாலைகள். சோப்பு, பிளாஸ்டிக் வாளி, ஆணி. மூன்றுக்கும் பொதுவாகத் தனியே ஒரு மின்தடம் வருகிறது. ஊரே இருண்டாலும் அதில் மின்சாரம் போகாது. அந்தச் சலுகைக்கு ஒரே நிபந்தனை: மூன்றிலும் சேர்த்து இருநூற்று நாற்பது பேராவது வேலையில் இருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் தடம் வேறு பேட்டைக்குப் போய்விடும். அதன் பிறகு சோப்பு பாதிக் கொதிப்பில் கொப்பரையிலேயே உறையும். வாளி அச்சுக்குள் பிளாஸ்டிக் இறுகிவிடும். ஆணிக்காரர் மட்டும் டீசல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு சில மாதம் இழுப்பார்.

(இப்படி ஒரு நிபந்தனை எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டாம். ஜிஃபா சொன்னது இதைவிடச் சிக்கலானது. அதை அப்படியே எழுதினால் நீங்கள் இந்த வரிக்கு வந்திருக்க மாட்டீர்கள்.)

எண்ண வேண்டியவள் ஜிஃபா. சம்பளப் பட்டியலை நம்பக் கூடாது, ஆளை நேரில் பார்த்துப் பெயரும் வயதும் கேட்டு எழுத வேண்டும். மூன்று இடத்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதும் விதி. நாளைக் கடத்தினால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்து நிற்கலாம் என்று யாரோ யோசித்துப் போட்ட விதி.

பேட்டையின் செயலாளர் க்வார்ட்டே வாசலிலேயே காத்திருந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. பயந்த கண்கள்.

"வாங்க மேடம். உங்க வோல்ட்டா பக்கத்து ஆளுங்க கணக்குல கறாருன்னு சொன்னாங்க."

"கறாரெல்லாம் இல்ல பாஸ். பாக்குற தலைய எழுதுவேன். அவ்வளவுதான்."

"தலை நிறைய இருக்கு. உங்க பேனாவுல மை இருக்கான்னு பாத்துக்குங்க."

4

காலையில் சோப்பு. உறை சுற்றும் மேசைக்குப் பக்கத்தில் வரிசை நின்றது. நடுவில் ஒரு பருத்த பெண், ஏப்ரன் கொஞ்சம் சிறியதாக.

"பேரு?"

"பீட்ரிஸ் சோவா."

"வயசு?"

"முப்பதுன்னு போடுங்க மேடம். என் புருஷன் பேப்பர் படிக்கிற ஆளு."

வரிசை சிரித்தது. ஜிஃபாவும் சிரித்தாள். ஐம்பது என்று எழுதினாள். சோப்பில் மொத்தம் நூற்றுப் பத்துப் பேர்.

நண்பகலில் வாளி. அங்கே சூடு தாங்கவில்லை. ஜிஃபா தலையை நிமிர்த்தாமல் எழுதினாள். எழுபத்து நான்கு பேர். அதில் ஒருத்தி கொர்கோர் லாம்ப்டே.

மூன்று மணிக்கு ஆணி. இயந்திரச் சத்தத்தில் ஒவ்வொருவரும் கத்திச் சொன்னார்கள்.

"நா த்ரோமோ!"

"வயசு?"

"முப்பதுன்னு போடுங்க மேடம். என் புருஷன்…"

ஜிஃபா நிமிர்ந்தாள்.

"…பேப்பர் படிக்கிற ஆளு" என்று ஜிஃபாவே முடித்தாள். "ஆன்ட்டி, காலைல உங்க பேரு பீட்ரிஸ்."

"அது சர்ச்சுல வெச்சது."

"மத்தியானம் ஒரு கொர்கோர் லாம்ப்டே வந்தாங்க."

"ரெண்டாவதா பொறந்த பொண்ணு கொர்கோர்தானே. லாம்ப்டே என் புருஷன் பேரு. பேப்பர் படிக்கிறவரு."

"இப்ப நா த்ரோமோ."

"அது அப்பா குடும்பத்துல குடுத்தது மகளே. அத மட்டும் எங்க கொண்டுபோய் வைக்கறது?"

பொய்ப்பெயர் தருவது குற்றம் என்று படிவத்தின் அடியில் அச்சிட்டிருந்தது. அவள் பொய்ப்பெயர் எதையும் தரவில்லை. இந்தப் பக்கத்துக் கா இனத்துப் பெண் ஒருத்திக்கு இப்படி மூன்று இருப்பது சாதாரணம். படிவத்தை வடிவமைத்தவர் ஒரு தலைக்கு ஒரு பெயர் உள்ள ஊர்க்காரராக இருக்க வேண்டும்.

நான் இனி அவளைக் கொர்கோர் என்றே எழுதுகிறேன். எழுத எளிது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆணியில் ஐம்பத்தெட்டுப் பேர். மொத்தம் இருநூற்று நாற்பத்திரண்டு.

5

இங்கே ஒரு பத்தி கணக்கு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

க்வார்ட்டே தலைகளைக் கூட்டுகிறார். கூட்டினால் மின்தடம் கைவிட்டுப் போகாது. ஆனால் அதே படிவம்தான் பெரிய அலுவலகத்துக்கும் போகிறது. அங்கே மொத்த உற்பத்தியைத் தலைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். தலை கூடக்கூட, ஒரு தலையின் உற்பத்தி குறையும். இப்படி ஒவ்வொரு பேட்டையும் தன்னைப் பெரிதாகக் காட்டப் போய், அதே வரியில் தன்னைச் சோம்பேறியாகவும் காட்டிக்கொள்கிறது. பட்டியலில் நாடு நாலு படி இறங்குகிறது. பிறகு ஏசி அறையில் யாராவது எழுந்து, நம் தொழிலாளிகளுக்குச் சுறுசுறுப்பு போதாது என்று பேசுவார். அந்தக் கூட்டத்துக்கு மாத்திரம் எப்போதும் மின்சாரம் இருக்கும்.

(கடைசி வாக்கியத்தை எடுத்துவிட நினைத்தேன். கோபமாக இருக்கிறது. ஜிஃபா கோபமாகச் சொல்லவில்லை, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாள். இருக்கட்டும்.)

நானும் க்வார்ட்டேயைப் போலத்தான் தொடங்கினேன். முதல் வரைவில் ஏழு பேர் இருந்தார்கள். ஒரு ஓட்டுநர், ஒரு மேலதிகாரி, சோப்பு முதலாளி, ஜிஃபாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். கதை பெரிதாகத் தெரிந்தது. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன். நாலு பேரைக் கழித்துவிட்டேன். கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குத்தான் கொஞ்சம் வருத்தப்பட்டேன், அவனுக்கு ஒரு நல்ல வசனம் இருந்தது.

இன்னொரு சந்தேகம். மூன்று ஆட்களை அனுப்பாமல் ஒருத்தியையே மூன்று முறை ஏன் அனுப்பினார் க்வார்ட்டே? யாரும் நம்ப மாட்டார்கள் என்று ஜிஃபாவிடம் சொன்னேன்.

"அவருக்கு நம்பிக்கையான ஆளு அவங்க ஒருத்திதான்" என்றாள். "மத்தவங்க சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் சொல்லிருப்பாங்க."

இது காரணமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் க்வார்ட்டேயை இதற்குமேல் எனக்குத் தெரியாது. இந்த அளவுக்குத்தான் அவரை எழுத முடியும்.

6

முடிவுகளுக்கு வருகிறேன். மூன்று எழுதினேன்.

(அ) ஜிஃபா எதையும் அடிக்கவில்லை. இருநூற்று நாற்பத்திரண்டு என்று போட்டுக் கையெழுத்திட்டாள். க்வார்ட்டே குளிர்பானம் வாங்கித் தந்தார். தடம் போகவில்லை.

இந்த முடிவில் அவள் மாடியேறிப் போகும்போது என்னால் முகம் பார்த்துப் பேச முடியாது. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

(ஆ) ஜிஃபா படிவத்தை மூடிவிட்டு, எண்ணிக்கையில் மோசடி என்று மேலே எழுதினாள். தடம் போயிற்று. வேலைகள் போயின. அவள் நேர்மையாக இருந்தாள், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து

இதை முடிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் அடுத்து கடலைப் பார்ப்பாள் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

(இ) ஜிஃபா இரண்டு கொர்கோர்களை அடித்துவிட்டு ஒரு கொர்கோரை வைத்துக்கொண்டாள். இருநூற்று நாற்பத்திரண்டில் இரண்டு போனால் இருநூற்று நாற்பது. எல்லையில் நிற்கிறது. பொய்யும் இல்லை, தடமும் போகவில்லை.

இதைத்தான் வெகுநாள் வைத்திருந்தேன். படித்த இருவர் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் இவ்வளவு சுத்தமாக வரும் கணக்கை நீங்கள் சந்தேகப்பட வேண்டும். எண்களைப் போட்டது நான்.

அதோடு, ஜிஃபா அன்று முதல் வாக்கியத்திலேயே எனக்குச் சொன்ன ஒன்றை உங்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் (இ)-யை எழுதியிருக்கவே முடியாது. அடுத்த பகுதியில் அதைக் கொர்கோரே சொல்வாள். அவள் சொல்லி முடித்ததும் நான் நிறுத்திவிடுவேன். படிவம் உங்கள் கையில் இருக்கும். என்ன எழுதுவது என்பது உங்கள் பாடு. ஜிஃபா என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்லப் போவதில்லை.

7

ஆணித் தொழிற்சாலையின் பின்புறம் ஒரு லாரி நின்றது. ஜிஃபா அதன் நிழலுக்குக் கொர்கோரைக் கூட்டிக்கொண்டு போனாள். க்வார்ட்டே இருபதடி தள்ளி நின்று போனில் பேசினார். எதிர்முனையில் யாரும் இல்லை என்பது அவர் பேசிய வேகத்திலேயே தெரிந்தது.

"ஆன்ட்டி, நான் சண்டைக்கு வரல. யாரு உங்கள அனுப்பினதுன்னும் கேக்கல."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"தெரியும். அவரு அங்கதான் நிக்கிறாரு."

கொர்கோர் சத்தமாகச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "லைன் போச்சுன்னா இங்க எவன் வீட்லயும் அடுப்பு எரியாது மகளே. என் வீட்லயும்தான். அதுக்குத்தான் வெயில்ல மூணு தடவ நின்னேன். வேடிக்கைக்கு இல்ல."

"நானும் லைன் போகணும்னு பாக்கல. ரெண்டு பேரை அடிச்சிடறேன். ஒண்ணு இருக்கட்டும். ஒண்ணு இருந்தா இருநூத்தி நாப்பது. சரியா நிக்கும்."

"அப்ப ஒண்ண வெச்சுக்குங்க. எதுன்னாலும் என் பேருதான்."

"அப்படி முடியாது. பேருக்கு எதிர்ல முதலாளி பேரு போடணும். சோப்புக்காரரா, வாளிக்காரரா, ஆணிக்காரரா? நீங்க சொல்றத நான் எழுதிக்கறேன். போய் விசாரிக்க மாட்டேன்."

க்வார்ட்டே போனை இறக்கிவிட்டு, இங்கே பார்த்து ஒரு விரலைக் காட்டினார். எவனாவது ஒருத்தன், சொல்லித் தொலை என்பதுபோல்.

(மூன்று பெயர்களைக் கூசாமல் சொன்னவளுக்கு ஒரு முதலாளியின் பெயரைச் சொல்வதில் என்ன கஷ்டம்? இதை எழுதும்போது நான் இங்கே நெடுநேரம் நின்றேன். அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.)

கொர்கோர் சிறிய ஏப்ரனை அவிழ்த்தாள். மடித்து லாரியின் படியில் வைத்தாள்.

"என்ன எழுதுவீங்க? திரும்பச் சொல்லுங்க."

"இவங்க இன்னாரோட ஆளுன்னு எழுதுவேன் ஆன்ட்டி. ஒரே வரி."

"இன்னாரோட ஆளா. நானா."

"சும்மா எழுதறதுதானே."

"சும்மாகூட எழுதக் கூடாது" என்றாள் கொர்கோர். இப்போது இயந்திரச் சத்தத்தையும் மீறி க்வார்ட்டேவுக்குக் கேட்கும்படி பேசினாள். "நான் இவங்க எவன்கிட்டயும் வேல பாக்கல மேடம். ஒரு நாளும் பாத்ததில்ல. கேட்டுக்கு எதிர்ல, ரோட்டு மேல, பதினாறு வருஷமா சோளமாவப் புளிக்கவெச்சு, கெங்கே அவிச்சு, மீனோட விக்கிறேன். இந்த மூணு கம்பெனியும் எங்கிட்டதான் சாப்பிடுது. எனக்கு முதலாளி கிடையாது."