சத்தம் போடாத பறவை

குளிர் விலகியதும் வரும் முதல் நல்ல ஞாயிற்றுக்கிழமையில் பறவை பார்க்கப் போகாவிட்டால் டிரைவருக்குத் தலை வெடித்துவிடும். டவுன் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் அவருக்குக் கழுகுக்கண் என்று பட்டப்பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் வேண்டாம் வேண்டாம் என்பார். கூப்பிடாவிட்டால் மூஞ்சி தொங்கிப்போகும். அவர் மனைவி தையல்காரி. வாரம் பூராவும் மெஷினுக்கு முன்னால் குனிந்து கிடக்கிறவளுக்கு ஒருநாள் நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பதே பெரிய சுகம். பறவையெல்லாம் அப்புறம்தான்.

ஊருக்கு வெளியே ஒரு குளம், அதை ஒட்டி ஒரு பழத்தோட்டம். காரை வேலியோரம் நிறுத்திவிட்டு இறங்கினார்கள். மரங்களில் இலை இன்னும் வரவில்லை. பூ மட்டும் முந்திக்கொண்டு வெள்ளை வெளேரென்று வந்திருந்தது. டிரைவர் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டியதும் ஆரம்பித்துவிட்டார்.

“அந்தப் பட்ட மரத்துல பாரு, மரங்கொத்தி. மேல வானம்பாடி. இந்தப் புதருக்குள்ள ஒரு சிட்டு.”

அவர் கை காட்டிய இடத்தில் எல்லாமே இருந்தன. மனுஷனுக்கு என்ன கண்ணு என்று அவளும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

குளத்துக்குள் நட்டிருந்த ஒரு கம்பின் மேல் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. கல்லெறி தூரம்கூட இல்லை. வெயிலில் அதன் நீலம் கண்ணைப் பறித்தது. பேசினால் பறந்துவிடும் என்று அவரை முழங்கையால் இடித்து, மோவாயால் காட்டினாள். அவர் பைனாகுலரைத் தூக்கினார். கொஞ்சம் இடப்பக்கம் பார்த்தார், கொஞ்சம் வலப்பக்கம் பார்த்தார், இறக்கிவிட்டார்.

“என்ன?”

“கம்பு மேல,” என்று கிசுகிசுத்தாள்.

“வெறும் கம்புதானே இருக்கு.”

விளையாடுகிறார் என்று சிரித்தாள். ஆனால் அவர் முகத்தில் குறும்பு இல்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற முகமாக இருந்தது. அதற்குள் மீன்கொத்தி தண்ணீரில் பாய்ந்து, மீனோடு மறுபடி கம்பில் வந்து உட்கார்ந்தது. தண்ணீர் ‘ப்ளக்’ என்றதும் டிரைவர் சட்டென்று அந்தப் பக்கம் கையை நீட்டினார்.

“அங்க பாரு, மீன் துள்ளுது!”

அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். காலையிலிருந்து அவர் காட்டிய பறவை ஒவ்வொன்றும் பாடிக்கொண்டோ மரத்தைத் தட்டிக்கொண்டோ இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்த ஒன்றைக்கூட அவர் காட்டவில்லை.

சே, இருக்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தன்னையே திட்டிக்கொண்டு ஒரு பூங்கிளையை அவர் முகத்துக்கு நேராக வளைத்தாள். அதில் ராத்திரிக் குளிரில் விறைத்துப்போய் ஒரு பூச்சி அசையாமல் ஒட்டியிருந்தது.

“ஏங்க, இது தேனீயா, தேனீ வேஷம் போட்ட ஈயா?”

அவருக்குப் பிடித்தமான கேள்வி. உணர்கொம்பு நீளமென்றால் தேனீ, முகம் பூராவும் கண்ணென்றால் ஈ என்று கூட்டம் சேர்த்து விளக்குகிறவர். இப்போது குனிந்தார். குனிந்து, பூவுக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோகாமல் காதைக் கொண்டுபோனார்.

“ஈதான்,” என்று விரலால் தட்டிவிடப் போனார். கொட்டிவிட்டது.

கொடுக்கைத் தேடி விரலைத் தடவிக்கொண்டே நின்றார். அவள்தான் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

“கொட்டு வாங்கினது நான். நடுங்குறது நீயா?” என்று சிரித்தார்.

அவள் காலையை நினைத்துப் பார்த்தாள். காரில் வரும்போது அவர் என்ன சொன்னார்? ‘மேல ஏதோ பறக்குது, பார்த்துக்கிட்டிருக்கேன். சிக்னல் பச்சையானா சொல்லு.’ இவளும் சொன்னாள். பல மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் வருகிறாள். பறவைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு கேலி வேறு செய்திருக்கிறாள். பஸ்ஸில் யார் சொல்கிறார்கள்? நாளைக் காலை முதல் வண்டி அவருடையது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படியில் தொங்காத குறையாக ஏறுகிற வண்டி.

“வெயில் ஏறிடுச்சு, கிளம்பலாம்,” என்று அவர் சாவியை எடுத்தார். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“என்ன விளையாட்டு இது? குடு.”

“மாட்டேன். கம்பு மேல மீன்கொத்தி இருந்துச்சு. நீங்க பார்க்கல.”

“ஒரு பறவையைப் பார்க்கலன்னா என்ன இப்ப? இத்தனை வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் உண்டா?”

அவர் போட்ட சத்தத்தில் தோட்டத்துக் குருவியெல்லாம் கலைந்து பறந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் எப்போதும் பயந்துதான் வந்திருக்கிறாள். இன்றைக்கு அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டதால் சாவியை விடவில்லை.

“டிப்போவுல கண்ணு பரிசோதனை பண்ணினாங்களே?”

“அந்தப் போர்டு எங்க எல்லாருக்கும் மனப்பாடம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப பஸ்ஸை எப்படி ஓட்டுறீங்க?”

“முன்னாடி போற வண்டியோட சிவப்பு விளக்கு கலங்கலா தெரியும். அது நின்னா நிப்பேன். அது போனா போவேன்.”

“முன்னாடி வண்டி இல்லன்னா?”

அவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு பொய்யாவது சொல்லமாட்டாரா என்று அவளுக்கு இருந்தது.

“ஒரு புள்ள குறுக்க ஓடியாந்தா?”

“படுத்தா அதுதான் வருது,” என்றார். “தூங்கியே நாளாச்சு. சொன்னா ஸ்டியரிங்கைத் தொடவிடமாட்டாங்க. வேற எனக்கு என்ன தெரியும், சொல்லு?”

அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம்தான் பெரிதாக இருந்தது. காரை அங்கேயே விட்டுவிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். தெருவில் ஒட்டி நடந்தாலே கூச்சப்படுகிற மனுஷன், அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“பஸ் வந்தா நீயே கை காட்டு,” என்றார். “சத்தத்தை வச்சு எந்த வண்டின்னு சொல்லிடுவேன். எவ்வளவு கிட்ட வந்திடுச்சுன்னுதான் தெரியாது.”

பஸ் வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவன் அவர் டிப்போப் பையன்தான்.

“என்னண்ணே, நீங்களே பஸ்ஸுக்கு நிக்கிறீங்க? கார் மக்கர் பண்ணுதா?”

அவள் அவரைப் பார்த்தாள். ஆமாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாளைக் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் கம்பியைத் தடவிப் பிடித்துப் படியேறி நின்றார்.

“கார் நல்லாத்தான் இருக்குப்பா. எனக்குத்தான் கண்ணு தெரியல. நாளைக்கு முதல் வண்டிக்கு வேற ஆளைப் போடச் சொல்லிடு.”

பையன் கதவைச் சாத்தக்கூட மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவரைக் கைப்பிடித்துக் கொண்டுபோய் உட்காரவைத்தாள். வண்டி நகர்ந்தது. வீடு வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய வலது கால் பிரேக் இல்லாத வெறும் தரையை அழுத்திக்கொண்டே வந்தது.