கத்தாத மாப்பிள்ளை

மச்சினன் மிஞ்சி போடும்போது மாப்பிள்ளை கத்த வேண்டும். கார்த்திகா வீட்டு வழக்கம் அப்படி. பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் கால்விரலில் வெள்ளி மிஞ்சியை மாட்டி, அதன் இரண்டு முனையையும் பிடித்து அழுத்துவான். "அய்யோ, விடுடா!" என்று மாப்பிள்ளை அலறிய பிறகுதான் விடுவான். மண்டபமே சிரிக்கும்.

கோபிநாத்துக்கு இது தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் திருமயம் ரோட்டில் பைக் சறுக்கி முதுகுத்தண்டு முறிந்ததிலிருந்து அவனுக்கு மார்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அதனால் பொய்யாகக் கத்திவிடுவது என்று முடிவுசெய்து, முதல் நாள் போனில் கார்த்திகாவுக்குக் கத்தியும் காட்டினான். "ஆட்டை அறுக்கிற மாதிரி இருக்குங்க" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். விரல் நசுங்கினால் உடம்பு என்ன செய்யும் என்பதை மட்டும் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. காதலிக்கிறவர்கள் எதைத்தான் யோசித்தார்கள்!

கல்யாணத்தன்று மேடையில் கார்த்திகாவின் தம்பி சிவபிரகாஷ் மிஞ்சியோடு குனிந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர், "சார், இங்கிட்டுப் பாருங்க, சிரிங்க" என்றார். வீல்சேரில் இருந்தபடியே கோபிநாத் அங்கே திரும்பிப் பல்லைக் காட்டினான். கீழே சிவபிரகாஷ் அழுத்தினான். சத்தமில்லை. மச்சானுக்குக் கால் நடக்காது என்றுதான் அவனுக்குத் தெரியும், உணர்ச்சியும் இல்லை என்பது தெரியாது. மச்சான் வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்து இன்னும் அழுத்தினான். லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன், பிடி உடும்புப்பிடி. கடைசியில் அவனே சலித்துப்போய் எழுந்தான். பட்டுவேட்டிக் கரை விழுந்து விரலை மூடிக்கொண்டது.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். கோபிநாத்தின் பின்மண்டையில் யாரோ உரலில் இடிப்பதுபோல் வலி கிளம்பியது. முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை கொட்டியது.

"தலை வலிக்குதும்மா" என்றான்.

அவன் அம்மா அழகிக்கு அது போதாதா? "புள்ளைக்கு பிரஷர் எறங்கிருச்சு! படுக்கப் போடுங்க, காலைத் தூக்குங்க!"

அவளைக் குறை சொல்ல முடியாது. அடிபட்ட முதல் வருஷம், நிமிர்த்தி உட்காரவைத்தாலே ரத்தம் காலுக்கு இறங்கி, பிரஷர் விழுந்து, அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் தெளிந்துவிடுவான். அழகி இந்த வைத்தியத்தைத் தெருவுக்கே பழக்கியிருந்தாள். அரிமளத்தில் அவர்கள் தெருவில் பால்காரர் உட்பட எல்லாரும் ஒரு தடவையாவது கோபிநாத்தின் காலைத் தூக்கியவர்கள்தான். இன்றைக்கும் எட்டுப் பேர் ஓடிவந்தார்கள். மாப்பிள்ளை மணமேடையில் மல்லாந்து கிடக்க, கால் இரண்டும் பந்தலைப் பார்த்து நின்றன.

கோபிநாத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இது அது இல்லை. டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: உணர்ச்சியில்லாத இடத்தில் ஏதாவது இறுக்கினால் வலி மூளைக்குத் தெரியாது, ஆனால் உடம்பு சும்மா இருக்காது. ரத்தக்குழாய்களைச் சுருக்கி பிரஷரை ஏற்றிவிடும். போதும், நிறுத்து என்று மூளை அனுப்பும் உத்தரவு முறிந்த இடத்தைத் தாண்டிப் போகாது. இறுக்குவது எதுவென்று கண்டுபிடித்து எடுக்காவிட்டால் தலையில் ரத்தக்குழாய் வெடித்து உயிரே போகலாம். படுக்கவைத்தால் இன்னும் ஏறும்.

"ஒக்கார வைங்க! ஏறிருக்கு, எறங்கல!" என்று கத்தினான்.

"பாவம், ஒளறுறான்" என்று அழகி அழுதுகொண்டே காலை இன்னும் ஒரு முழம் உயர்த்தினாள்.

கார்த்திகா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். மயக்கம் வந்தால் வெளுத்துப்போகும் முகம் அவளுக்குத் தெரியும். இது தக்காளியாய்ச் சிவந்து கிடந்தது.

"என்ன செய்யணும், சொல்லுங்க."

"நிமித்து. காலைத் தொங்கப்போடு. பெல்ட்டைத் தளத்து. வீல்சேர் பையில பிரஷர் மெஷின் இருக்கு."

"எல்லாரும் காலை விடுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாதஸ்வரமே நின்றுவிட்டது. கல்யாணப் பெண் இப்படியா கத்துவாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. அவனை வீல்சேரில் நிமிர்த்தி உட்காரவைத்து, கைப்பட்டையைச் சுற்றினாள். எப்போதும் நூறைத் தாண்டாத பிரஷர் நூற்றுத் தொண்ணூறு காட்டியது. அழகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ நூற்றெட்டுக்குப் போன் போட்டார்கள்.

பெல்ட்டைத் தளர்த்தியாயிற்று. மூத்திரக் குழாய் மடங்கவில்லை. பிரஷர் இறங்கவும் இல்லை. இடுப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்த கார்த்திகா வேட்டிக் கரையை விலக்கினாள். மிஞ்சி போட்ட விரல் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது.

"ஏன்டா, எம்புட்டு அழுத்துன?"

"மச்சான் கத்தவே இல்லக்கா! நா என்ன செய்யிறது?" சிவபிரகாஷுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் தன் கொண்டை ஊசியை உருவி மிஞ்சியின் வாயை நெம்பினாள். இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை மிஞ்சி தெறித்து விழுந்தது. நூற்றறுபது. கொஞ்சம் பொறுத்து நூற்று முப்பது. பிறகு நூற்றுப் பத்து. உரல் இடி நின்றது. ஆம்புலன்ஸில் வந்த நர்ஸம்மா இரண்டு தடவை சோதித்துப் பார்த்து, "பயமில்ல, தாலியக் கட்டச் சொல்லுங்க" என்றார். முகூர்த்தம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"மிஞ்சி இல்லாமயா?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

கார்த்திகா மிஞ்சியை எடுத்து அகட்டி, கோபிநாத்தின் இடது கைச் சுண்டுவிரலில் மாட்டினாள்.

"தம்பி, வா. இங்க அழுத்து."

அவன் லேசாகத் தொட்டான். "நல்லா அழுத்துடா" என்றாள் அக்கா. அழுத்தினான்.

"அய்யோ, விடுடா!"

மண்டபம் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அழகியும் சிரித்தாள். நாதஸ்வரம் மறுபடியும் எடுத்தது.

கார்த்திகா அவன் காதோரம் குனிந்தாள். "போன்ல கத்துனதுதானே இது?"

"இல்ல" என்றான் கோபிநாத், சந்தோஷம் தாங்காமல். "நெசமாவே வலிக்குது." வலிக்கிற கையாலேயே தாலியை எடுத்தான்.